கரீபியன் அண்ணையும் ஸ்டுட்கார்ட் நேயரும்

ஜெர்மனியில் வாழும் தமிழர்களில், பார்படோஸ் நாட்டு எதிர்க்கட்சிக்குள் நடக்கும் உட்பூசலை நினைத்துச் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்த ஒரே மனிதர் கரீபியன் அண்ணைதான். வேறு யாரும் அப்படிக் கிடந்தார்கள் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன். ஒரு நாட்டுக்கு அப்படி ஒருவர் போதும். இரண்டு பேர் இருந்தால் நாடு தாங்காது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை நீங்கள் டுசல்டோர்ஃபில் ஏதாவது கல்யாண வீட்டில் கண்டு, "எப்பிடி அண்ணை சுகம்?" என்று கேட்டீர்கள் என்று வையுங்கள். மற்றவர்களைப்போல முழங்கால் வலி, பிள்ளையின் படிப்பு என்றெல்லாம் தொடங்கமாட்டார். "கயானா எல்லையிலை கொஞ்சம் பதட்டம். மற்றும்படி பரவாயில்லை" என்பார். பந்தியில் அவருக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் வெறுமையாகவே இருக்கும். விஷயம் தெரியாத யாராவது வந்து உட்கார்ந்தால், பாயாசம் வருவதற்குள் அந்த ஆளுக்கு கிரனடாவின் அமைச்சரவை முழுவதும் பாடமாகிவிடும்.

அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் டிரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஒஃப் ஸ்பெயின் நேரத்தை, அதாவது இங்கத்தைய நேரத்துக்கு ஐந்தாறு மணி பிந்திய நேரத்தைக் காட்டும். கைக்கடிகாரமும் அப்படியே. இந்த நாட்டில் டெர்மின் என்பது தெய்வத்துக்குச் சமம் என்று உங்களுக்குத் தெரியும். முன்கூட்டியே வாங்கிய நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வைத்தியரின் வரவேற்பு மேசைக்காரி நம்மைப் பார்க்கும் பார்வையில் பல்வலி தானாகவே நின்றுவிடும். இவர் ஒருமுறை காலை டெர்மினுக்கு, வைத்தியசாலையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பிழை அவையிலை பிள்ளை. நான் நேரத்துக்குத்தான் போனனான்" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார்.

அவர் இப்படி ஆனதற்கு எங்கள் வானொலிதான் காரணம். ஆகவே பழியில் கொஞ்சம் எனக்கும் உண்டு.

எங்கள் வானொலி இணையத்தில் ஒலித்தது. நிலையம் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னது, டிரெக்டர் அண்ணையின் மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்த களஞ்சிய அறையை. கடை முதலாளியான அவருக்கு அந்தப் பட்டம் யாரும் கொடுத்ததல்ல. கதவில் 'டிரெக்டர்' என்று அவரே ஒரு பலகையை மாட்டிக்கொண்டார். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெங்கும் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தோம். பொங்கலுக்கு முந்திய வாரம் மூட்டைகள் விற்றுப்போனால், செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள் விழுந்து வாசிக்கிற மாதிரிக் கேட்கும். நேயர்கள் அதை வைத்தே அரிசி முடிகிறது என்று கண்டுபிடித்துக் கடைக்கு ஓடிவருவார்கள்.

சனிக்கிழமைகளில் நான் அங்கே ஒலிக்கலவை மேசையில் இருந்தேன். பாட்டுப் போடுவது, தொலைபேசியில் வரும் நேயர்களை இணைப்பது, யாராவது வாய் தவறினால் சத்தத்தைக் குறைப்பது எல்லாம் என் பொறுப்பு. கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்போது அண்ணை சாதாரணச் செய்தி வாசிப்பாளர். ஊர்ச் செய்திதான், அதாவது இலங்கைச் செய்திதான், வாசிப்பார். வாசித்து முடிய முன்னமே தொலைபேசி அலறத் தொடங்கும். ஒரு கட்சியின் பெயரை முதலில் சொன்னால் மற்றக் கட்சிக்காரர் வருவார். இரண்டின் பெயரையும் சொல்லாவிட்டால் இரண்டு பேரும் வருவார்கள். ஒருநாள் கடை வாசலில் வைத்தே இரண்டு கோஷ்டிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டன. டிரெக்டர் அண்ணை களஞ்சிய அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"இனி ஊர் அரசியல் எண்டு ஒரு சொல்லு இந்த அறைக்குள்ளை வரக்கூடாது. முருங்கைக்காய் வாங்க வாறவனும் இல்லாமப் போயிட்டான்."

"அரசியல் இல்லாட்டி எங்கடை சனம் ரேடியோ கேளாது அண்ணை" என்றார் இவர்.

"அப்ப ஜெர்மன் அரசியலை வாசியும்."

"அதுக்கு ஜெர்மன்காரனே கொட்டாவி விடுறான்."

டிரெக்டர் யோசித்தார். "சரி. எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்து, அங்கத்தை அரசியலை வாசியும். சொந்தக்காரன் இல்லாட்டிச் சண்டையும் இல்லை."

சொல்வது சுலபம். உலகப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் தேடினோம். கனடா, லண்டன், நோர்வே பற்றிப் பேச்சே இல்லை. நியூசிலாந்தில் டிரெக்டரின் மச்சான். ஐஸ்லாந்தில் மீன் தொழிற்சாலையில் என் பெரியம்மாவின் மருமகன். தென்னாபிரிக்காவில் கோயிலே இருக்கிறது. விரல் அட்லாண்டிக்கைத் தாண்டிப்போய்ச் சின்னச் சின்னத் தீவுகளில் நின்றது.

"இஞ்சை?" என்றார் அண்ணை.

"அங்கையும் ஆராவது இருப்பினம்" என்றேன் நான்.

"இருக்கட்டும் பிள்ளை. கட்சி தொடங்கியிருக்க மாட்டினம்."

இப்படித்தான் 'கரீபியன் அரசியலும் அயலும்' என்ற நிகழ்ச்சி பிறந்தது. பேருக்கு எதையாவது வாசித்துவிட்டுப் போகிற ஆள் அல்ல அவர். பண்டகசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும்போதே ஒரு காதில் ஜமேக்கா வானொலி, மறு காதில் டிரினிடாட் வானொலி கேட்பார். எந்தச் செய்தியையும் இரண்டு தீவுகள் சொன்னால்தான் நம்புவார். புயல் காலம் வந்தால் அவருக்கு நித்திரை கிடையாது. டுசல்டோர்ஃபில் பளிச்சென்று வெயில் எறிக்கும். இவர் டொமினிக்காவை நினைத்துக் குடையோடு வருவார்.

நிகழ்ச்சிக்கு முதலில் கிடைத்த பரம ரசிகை, மன்னாரிலிருந்து வந்து எஸ்ஸனில் குடியிருந்த ஒரு கத்தோலிக்க அம்மா. சில மாதம் கேட்டுவிட்டு ஒருநாள் நேரலையில் வந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கலாமே? குறை நினைக்கக்கூடாது. புனித லூசியாவும் புனித வின்சென்ற்றும் ஏன் சண்டை பிடிக்கினம்? மோட்சத்திலையும் நிம்மதி இல்லையே?"

அண்ணை தண்ணீர் குடித்துவிட்டு, அவை தீவுகள், புனிதர்களின் பெயரை வைத்திருக்கின்றன, அவ்வளவுதான் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"அப்பிடியே? நான் கேவலார் மாதா கோயிலுக்குப் போகேக்கை ரெண்டு பேருக்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தனான். பரவாயில்லை, வீண் போகாது."

அடுத்த வாரம் அந்த இரண்டு தீவுகளின் தலைவர்களும் ஏதோ ஒரு மாநாட்டு மேடையில் சிரித்தபடி கைகுலுக்கினார்கள். கரீபியன் அண்ணை அதைச் சொல்லிவிட்டு, எஸ்ஸன் அம்மாவுக்கு நிலையத்தின் சார்பில் நன்றியும் தெரிவித்தார்.

டிரெக்டர் போட்ட கணக்கு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. சொந்தக்காரன் இல்லாத இடத்தில் சண்டை இல்லை என்று எண்ணியது, தமிழனைத் தெரியாதவன் போட்ட கணக்கு. சனத்துக்கு டிரினிடாட்டில் ஆளுங்கட்சி பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சப் பேருக்கு எதிர்க்கட்சி பிடித்துவிட்டது. தேர்த் திருவிழாவில் ஒருவர் இன்னொருவரிடம் திருநீறு வாங்க மறுத்தார். ஏனென்று கேட்டால், "உவர் பார்படோசிலை முடியாட்சி இருந்திருக்கவேணும் எண்டு சொன்ன ஆள்" என்றார். பிறகு அன்டிகுவா நட்புறவுக் கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு முடிந்து தேநீர் ஊற்ற முன்னமே அது இரண்டாக உடைந்தது. உடைந்ததில் பெரிய துண்டு தன்னை உண்மையான அன்டிகுவா நட்புறவுக் கழகம் என்று சொல்லிக்கொண்டது.

ஒருநாள் நிஜமாகவே டிரினிடாட்டிலிருந்து வந்த ஒரு பஸ் சாரதி கடைக்கு மிளகாய்த்தூள் வாங்க வந்தார். டிரெக்டர் சொல்லியனுப்ப, கரீபியன் அண்ணை வேலையுடுப்போடு ஓடிவந்தார். மாப்பிள்ளையைக் கண்டதுபோல அந்த மனிதரைக் கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்து, வரப்போகும் தேர்தலில் உங்கள் தொகுதியின் நிலவரம் என்ன என்று ஜெர்மனில் கேட்டார். அந்த மனிதர் சிரித்தார். தான் சின்ன வயதிலேயே வந்துவிட்டதாகவும், தனக்கு அரசியல் என்றாலே பிடிக்காது என்றும் சொல்லிவிட்டு, இந்த மிளகாய்த்தூள் உறைக்குமா என்று கேட்டார். அண்ணையின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "சொந்த நாட்டை இப்பிடிக் கைவிடலாமே?" என்று மூன்று கிழமை சொல்லித் திரிந்தார்.

அந்தக் காலத்தில்தான் ஸ்டுட்கார்ட் நேயர் வந்துசேர்ந்தார்.

வயதான குரல், கட்டைக் குரல். எங்கள் நேயர்கள் நேரலைக்கு வந்தால் ஒரு முறை உண்டு. "வணக்கம், நீங்கள் நலமா, நிலையத்திலை எல்லாரும் நலமா, உங்கடை குரலைக் கேக்க நல்ல சந்தோசம்" என்று சொல்லி, பிறந்தநாள் கொண்டாடும் பேரப்பிள்ளைக்கு வாழ்த்தும் சொல்லி முடிய அரைவாசி நேரம் போய்விடும். இவர் "வணக்கம்" என்ற ஒரு சொல்லோடு நேரே சண்டைக்குப் போவார்.

"செய்தியாளர் அவர்களே, தீவுகளுக்கிடையிலை சனம் சுதந்திரமாப் போய்வரவேணும் எண்டு போன கிழமை சொன்னியள். அது நடவாது. ஒவ்வொரு தீவும் தன்ரை பாட்டிலை இருக்கிறதுதான் மரியாதை."

"நேயர் அவர்களே, கடல் நடுவிலை கிடக்குது எண்டதுக்காக உறவை அறுக்கேலாது."

"அறுந்தது அறுந்ததுதான். சரித்திரத்தைப் படியுங்கோ. கூட்டாட்சி எண்டு தொடங்கி உடைஞ்சதுதானே?"

"உடைச்சது ஆரெண்டும் படியுங்கோ!"

இப்படிப் போகும். ஒவ்வொரு சனியும் வந்தார். ஒவ்வொரு சனியும் அண்ணை சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னார். அவரிடமும் ஆதாரம் இருந்தது, அவரும் இரவிரவாக அந்தத் தீவு வானொலிகளைக் கேட்கிறார் என்று விளங்கியது. எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. யார் வந்தாலும் "பெயர் சொல்லுங்கோ, எங்கையிருந்து கதைக்கிறியள்?" என்று கேட்கிற அண்ணை, இந்த ஒருவரிடம் மட்டும் பெயர் கேட்டதே இல்லை. ஸ்டுட்கார்ட் என்பதுகூடத் திரையில் விழும் இலக்கத்தை வைத்து நான் கண்டுபிடித்தது.

அண்ணையின் மனைவி கறிவேப்பிலை வாங்க வந்தபோது விளையாட்டாகத்தான் கேட்டேன். "அக்கா, உந்த ஸ்டுட்கார்ட்காரர் ஆர்? அண்ணையை உப்பிடிப் போட்டு வறுக்கிறார்."

அக்கா கறிவேப்பிலையைக் கீழே வைத்தார்.

"அவர் இவரின்ரை தமையன், பிள்ளை. சொந்தத் தமையன்."

நான் ஒரு கதிரையை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்டாத்தான் பெர்லினிலை ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை வந்து இறங்கினவை. குளிருக்கு ஒரே ஒரு ஜம்பர். மாறி மாறிப் போட்டவை. பேந்து ஊர் அரசியல் வந்துது. இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலை இருந்து ஒருத்தரை ஒருத்தர் துரோகி எண்டு சொல்லிப்போட்டினம். அதோடை பேச்சு நிண்டுது. எங்கடை பெரியவள் பிறந்ததுக்கும் வரேல்லை. மாமி, அவையின்ரை தாய், செத்ததுக்கும் ரெண்டு பேரும் ரெண்டு இடத்திலை இருந்து அழுதவை."

"அண்ணைக்குத் தெரியுமே, அது அவர்தான் எண்டு?"

"முதல்நாள் 'வணக்கம்' எண்ட சொல்லிலேயே தெரியும். வாசிக்கிறது தன்ரை தம்பி எண்டு அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருக்கினம். நீயும் தெரியாத மாதிரி இரு. எப்பிடியோ கதைக்கினம்தானே?"

அன்றிலிருந்து எனக்கு அந்தச் சண்டை வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. ஸ்டுட்கார்ட் நேயர் ஒருமுறை இருமினார். அண்ணை செய்தியை நிறுத்தி, "நேயர்களே, குளிர் காலம். இஞ்சி போட்டுத் தண்ணி குடியுங்கோ" என்றார். பொதுவாகச் சொன்னதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த சனி அந்தக் குரல் தெளிந்திருந்தது.

கெட்ட காலம் அன்டிகுவாவிலிருந்து வந்தது. நட்புறவுக் கழகமும் உண்மையான நட்புறவுக் கழகமும் ஒரே நேரத்தில் கடைக்குள் நுழைந்தன. வாய்த்தர்க்கம் முற்றி ஒரு பருப்பு மூட்டை கிழிந்தது. நிலமெல்லாம் பருப்பு. அதில் சறுக்கி விழுந்தவர் ஒரு வாடிக்கையாளர், பாவம், அவருக்கு அன்டிகுவா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. டிரெக்டர் அண்ணை பருப்பைக் கூட்டிய தும்புத்தடியோடு களஞ்சிய அறைக்குள் வந்தார்.

"காணும். வாற சனியோடை கரீபியன் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ராசிபலன். ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு ராசிதான். கட்சி மாற ஏலாது."

கரீபியன் அண்ணை சண்டை பிடிக்காமல் தன் குறிப்புத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. பிறகு தனியே வந்து கேட்டார். "பிள்ளை, அந்த ஸ்டுட்கார்ட் ஆளுக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோவன் அண்ணை."

"எந்த முகத்தோடை எடுக்கிறது? ரேடியோவிலை எண்டால் நான் செய்தியாளர், அவர் நேயர். ரெலிபோனிலை எண்டால்..." முடிக்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்த மனிதருக்கு அண்ணனோடு பேச உலகத்தில் இருந்த ஒரே ஓர் இடத்தை நாங்கள் ராசிபலனுக்குக் கொடுத்துவிட்டோம்.

கடைசிச் சனி வந்தது. சண்டை வேண்டாம், ஆகவே நேயர் அழைப்பும் வேண்டாம் என்பது டிரெக்டரின் கட்டளை. கட்டளை நிறைவேறுகிறதா என்று பார்க்க என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அண்ணை வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். தீவுகளுக்கிடையில் மக்கள் தடையின்றிப் போய்வருவது பற்றித் தலைவர்கள் திரும்பவும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது கடைசிச் செய்தி. அதை வாசித்து முடிக்கவும் தொலைபேசி விளக்கு மின்னியது. ஸ்டுட்கார்ட் இலக்கம்.

"எடுக்காதை பிள்ளை" என்றார் டிரெக்டர்.

நான் எடுத்தேன். எடுத்ததற்கு இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

"வணக்கம். நிகழ்ச்சியை நிப்பாட்டப் போறியள் எண்டு கேள்விப்பட்டன். உண்மையே?"

"ஓம் நேயர் அவர்களே. இதுதான் கடைசி."

இரண்டு பக்கமும் சத்தம் இல்லை. வானொலியில் மௌனம் பெருங்குற்றம். இப்படி நேர்ந்தால் உடனே நான் ஒரு பாட்டைப் போடவேண்டும். போடவில்லை.

"அப்ப அடுத்த சனி நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

அண்ணை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தத் தீவுச் சனம் போய்வாற விசயம்" என்றது ஸ்டுட்கார்ட் குரல். "நான் அது சரிவராது எண்டுதானே இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டு வந்தனான்? பிழையாச் சொல்லிப்போட்டன். தங்கடை ஆக்களைத் தாங்களே வரவேண்டாம் எண்டு கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறது விசர் வேலை." கொஞ்சம் நின்று, "தம்பி" என்றது.

"சொல்லுங்கோ அண்ணை."

"அடுத்த சனி வீட்டிலை நிப்பியே?"

"நிப்பன்."

"நான் வாறன். ஆனா ஒண்டு, பார்படோஸ் விசயத்திலை நான் விட்டுக்குடுக்க மாட்டன்."

"நீங்கள் முதல் வாங்கோ, அண்ணை" என்றார் கரீபியன் அண்ணை. குரல் உடைந்துவிட்டது. நேயர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

நான் திரும்பிப் பார்த்தேன். டிரெக்டர் கடை உடுப்பின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? பாட்டைப் போடு!" என்று என்மேல் பாய்ந்தார்.

அடுத்த சனி கரீபியன் அண்ணை ரயில் நிலையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நடுவராக ஒரு ஆள் வேண்டுமாம். அண்ணன் கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு இறங்கினார். தம்பியைவிடக் கட்டை, தம்பியைவிட நரை, அதே மூக்கு.

"மெலிஞ்சு போனாய்" என்றார்.

"நீங்களும்தான்" என்றார் இவர்.

தரைகீழ் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் சப்பாத்தைப் பார்த்தபடி வந்தார்கள். ஊரைப் பற்றிக் கேட்கப் பயம், அம்மாவைப் பற்றிக் கேட்கப் பயம், அந்தச் சாப்பாட்டுக் கோப்பையைப் பற்றிப் பேச அதைவிடப் பயம். மூன்று தரிப்பிடம் தாண்டியபிறகு அண்ணன் இருமிக்கொண்டு, "கயானா எல்லையிலை என்ன புதினம்?" என்றார்.

கரீபியன் அண்ணையின் முகம் மலர்ந்ததே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. சேர்ந்தபிறகும் நிறுத்தவில்லை. மேசையில் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "உங்களுக்கு அரசியல் ஒண்டும் விளங்காது அண்ணை" என்று சொல்லிக்கொண்டே இவர் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அண்ணன் கோப்பையில் வைத்தார். அண்ணன் மறுத்துப் பேசிக்கொண்டே அதைச் சாப்பிட்டார்.

நானும் அக்காவும் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, "பாத்தியே பிள்ளை, இந்த மனிசனை இனி அந்தத் தீவுகளிலை இருந்து திருப்பி எடுக்கவே ஏலாது" என்றார்.

"எடுக்காதேங்கோ அக்கா" என்றேன். "எனக்கு அவரை இப்பிடித்தான் பிடிச்சிருக்கு."